மூன்றால் வகுபடாது

ஒன்பது வயதில் எனக்கு ஒரு வியாதி பிடித்தது. கண்ணில் படுகிற எண்ணையெல்லாம் வகுத்துப் பார்க்கிற வியாதி. அதை ஒட்டவைத்தவர் மாதுங்காவில் எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். எண்களுக்கும் குலம் கோத்திரம் உண்டு என்று ஒரு நாள் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். ஒற்றை, இரட்டை எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதற்கு மேல், சின்ன எண்களின் பெருக்கலாகப் பிரிந்துவிடுகிற எண்கள் ஒரு ஜாதி. ஒன்றாலும் தன்னாலும் அல்லாமல் வேறு எதாலும் வகுபடாத எண்கள் இன்னொரு ஜாதி. இந்த இரண்டாவது ஜாதியை அவர் பிரைம் என்றார். பகா எண் என்ற தமிழ்ப் பெயர் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது. இவை தவிர ஆறு, இருபத்தெட்டு மாதிரி அபூர்வப் பிறவிகள் சில உண்டு. தன்னை வகுக்கிற சின்ன எண்களையெல்லாம் கூட்டினால் தானே திரும்ப வந்து நிற்கும். அவற்றுக்குப் பரிபூரண எண் என்று பட்டம். எங்கள் கட்டடத்தில் இருபத்தெட்டாம் நம்பர் வீட்டுத் தம்பதிகள் தினமும் சண்டை போட்டார்கள். எங்கள் வீடு இருபத்தேழு, மூன்றை மூன்று தடவை பெருக்கினால் வருவது. ரேஷன் கார்டு இரட்டை. அப்பாவின் ரயில் பாஸ் பதினொன்றால் வகுபட்டது. எதாலும் வகுபடாமல் நிற்கிற பெரிய எண் ஒன்று கிடைக்காதா என்று நான் அலைந்துகொண்டிருந்தேன்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. எனக்கும் அவளுக்கும் பத்து வயதுதான் வித்தியாசம் என்பதால் அவளை நான் பெரியவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. பதினாறு வயதில் பாலக்காட்டில் அவளுக்குக் கல்யாணமாயிற்று. நாலு மாதம் அத்திம்பேரோடு குடித்தனம். அதற்குள் அவர் ராணுவத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து மலேயாவுக்குக் கப்பலேறினார். திரும்பிவரும்வரை அண்ணா வீட்டில் இருக்கட்டும் என்று அத்தையை எங்களிடம் கொண்டுவந்து விட்டார்கள். அப்புறம் சிங்கப்பூர் ஜப்பான்காரர்கள் கைக்குப் போயிற்று. ஒரு வருஷத்துக்கு அத்திம்பேர் இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியவில்லை.

பிறகு ஒரு கார்டு வந்தது, கைதிகள் முகாமிலிருந்து. நலமாக இருக்கிறேன் என்கிற அர்த்தத்தில் இங்கிலீஷில் அச்சடித்த இரண்டு வரி. கீழே அத்திம்பேரின் கையெழுத்து. அதற்கும் கீழே அவருடைய ராணுவ நம்பர், 224737. முன்பு மலேயாவிலிருந்து அவர் எழுதின கடிதங்களில் படைப்பிரிவின் பெயர்தான் இருக்கும். நம்பரை நாங்கள் பார்த்தது இந்தக் கார்டில்தான். இனிமேல் அவருக்குப் பதில் எழுதுவதானால் விலாசத்தில் இந்த நம்பரையும் எழுத வேண்டும் என்று அப்பா சொன்னார். அத்தை எழுதினாள். வாரம் ஒன்று எழுதினாள்.

கார்டை அவள் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தாள். எத்தனை தடவைதான் படிப்பது? ஒரு வாரத்தில் அதில் படிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. நம்பர் மட்டும்தான் பாக்கி. ஒரு மத்தியானம், அம்மா கூடத்தில் கண்ணயர்ந்திருந்தபோது, அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏண்டி, இந்த நம்பர் எந்த ஜாதின்னு பாத்துச் சொல்லேன்."

கோடை விடுமுறை அது. யுத்தத்தில் காகிதத்துக்குப் பஞ்சம் என்பதால் என் சிலேட்டில்தான் கணக்கு. எண் ஒற்றை, ஆகவே இரண்டு போயிற்று. இலக்கங்களைக் கூட்டினால் இருபத்தைந்து. அது மூன்றால் வகுபடாது, ஆகவே நம்பரும் வகுபடாது. கடைசியில் ஐந்தோ பூஜ்யமோ இல்லை, ஐந்தும் போயிற்று. ஏழால் வகுத்ததில் மீதி இரண்டு. பதினொன்று ஒத்துவரவில்லை, பதின்மூன்று ஒத்துவரவில்லை. அத்தை அதுவரை நீண்ட வகுத்தல் போட்டவள் இல்லை. நான் போடுவதைப் பார்த்தே கற்றுக்கொண்டாள். நான் வகுத்தால் அவள் ஈவைத் திரும்பப் பெருக்கி மீதியைக் கூட்டிச் சரிபார்ப்பாள். ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஐந்நூறு வரை எழுதி, இரண்டின் மடங்குகளை அடித்து, மூன்றின் மடங்குகளை அடித்து, அப்படியே அடித்துக்கொண்டே போனதில் மிஞ்சியவை தொண்ணூற்றைந்து எண்கள். அவற்றால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும் என்றேன். அதிலும் நானூற்று அறுபத்தேழோடு நிறுத்திவிடலாம், அதற்கு மேல் தேவையில்லை.

"ஏன் நிறுத்தணும்? மேல ஏதாவது வகுத்துடுத்துன்னா?"

டீச்சர் சொன்னதை எனக்கு ஒழுங்காகத் திருப்பிச் சொல்ல வரவில்லை. வகுக்கிற எண் பெரிசானால் ஈவு சின்னதாகிவிடும் என்று இழுத்தேன். அத்தை கொஞ்ச நேரம் சிலேட்டையே பார்த்தாள்.

"புரியறது. பெரியவர் ஒருத்தர் வந்தார்னா கூடவே சின்னவர் ஒருத்தரும் வந்தாகணும். அந்தச் சின்னவரை நாம முன்னாடியே பாத்திருப்போம்."

நான் பள்ளிக்கூடம் போய் வாங்கிவந்த அறிவை இவள் கூடத்தில் உட்கார்ந்தபடியே பிடித்துவிட்டது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

முப்பத்தேழால் வகுத்தபோது முப்பத்தாறு மீதி வந்தது. ஒன்று கூட இருந்திருந்தால் வகுபட்டிருக்கும். அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை சரிபார்த்தாள். நாளுக்கு நாலைந்தாகப் போட்டு, பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் தொண்ணூற்றோராவது வகுத்தலை முடித்தோம். மீதி நூற்றுப் பத்து. வகுபடவில்லை. அத்தை எழுந்துபோய் அம்மாவிடம் சொன்னாள்.

"மன்னி, அவர் நம்பர் எதாலயும் வகுபடாது."

"வகுபடலேன்னா என்ன ஆகும்?" என்றாள் அம்மா, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே.

"ஒண்ணும் ஆகாது" என்று அத்தை சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு கார்டு எதுவும் வரவில்லை. அத்தை எழுதியவற்றுக்குப் பதிலும் இல்லை. மாதங்கள் போயின. அப்பா கோட்டை வட்டாரத்தில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. அழகாக இங்கிலீஷ் எழுதுவார். ராணுவ ஆபீஸுக்கு ஒரு மனு எழுதினார். அசல் கார்டை இணைக்க வேண்டும் என்றார்களாம். இணைத்தார். கார்டு திரும்பி வரவில்லை.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை பழுப்பு உறை ஒன்று வந்தது. தபால்காரனிடமிருந்து அதை வாங்கியவள் அத்தைதான். அப்பா பெயருக்கு வந்திருந்ததால் அவள் பிரிக்கவில்லை. அலமாரியில் வைத்துவிட்டு, அதற்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டாள். சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். அப்பா இரண்டரை மணிக்கு நனைந்துகொண்டு வந்தார். உறையைக் கிழித்துப் படித்தார். பிறகு பக்கத்தில் நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்தார்.

பெரியப்பா டோம்பிவிலியில் இருந்தார். சனிக்கிழமைகளில் ஆபீஸ் முடிந்து ஊர் திரும்பும் வழியில் மாதுங்காவில் இறங்கி எங்கள் வீட்டில் காப்பி குடித்துவிட்டுப் போவது வழக்கம். அன்றும் அப்படியே வந்தார். குடையை மடக்குவதற்குள் அப்பா கடிதத்தை நீட்டினார். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். இங்கிலீஷில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. இன்ன பெயருள்ள குமாஸ்தா முகாமில் காய்ச்சல் கண்டு காலமானதாகத் தெரியவருகிறது. நம்பர் இரண்டு, இரண்டு, நான்கு, ஏழு, எட்டு, ஏழு.

பெரியப்பா கல்மனசுக்காரர் இல்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அத்தையை மடியில் போட்டு வளர்த்தவர் அவர். ஆனால் அழுது முடித்ததும் செய்ய வேண்டிய காரியம் இன்னது என்பதில் அவருக்குச் சந்தேகம் எப்போதும் வந்ததில்லை.

"ஊருக்குத் தந்தி அடிக்கணும். இவளைக் கொண்டுபோய்ப் புக்காத்துல விடணும். பத்தாம் நாள் அங்கதான் எல்லாம் நடக்கணும். அவாத்து வழக்கம் தெரியுமோன்னோ?"

எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எங்கள் கட்டடத்து மாடியில் ஒரு மாமி இருந்தாள். அத்தையைவிட நாலு வயது பெரியவளாக இருப்பாள். மழித்த தலையைக் காவிப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு சமையலறைச் சுவரோரமாகவே நடமாடுவாள். பகலில் யாரும் அவள் எதிரே வரமாட்டார்கள். அம்மா அத்தையின் பின்னால் போய் நின்று, அவளுடைய பின்னல்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.

நானோ வேறெங்கோ இருந்தேன். பெரியப்பா நம்பரைப் படித்தபோது பழக்கதோஷத்தில் என் மனசு இலக்கங்களைக் கூட்டிவிட்டிருந்தது. முப்பது வந்தது. முப்பது எப்படி வரும்? மறுபடி கூட்டினேன். முப்பதுதான்.

"பெரியப்பா, இது அத்திம்பேர் இல்லை" என்று கத்தினேன். "இந்த நம்பர் மூணால வகுபடும். அத்திம்பேர் நம்பர் எதாலயும் வகுபடாது. நானும் அத்தையும் தொண்ணூத்தோரு தடவை போட்டுப் பாத்தோம்."

யாரும் என்னைத் திட்டவில்லை. அப்பா பென்சில் எடுத்து உறையின் பின்பக்கத்தில் வகுத்தார். எழுபத்து நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பது, மீதி இல்லை. பெரியப்பா உறையை வாங்கித் தானும் ஒருமுறை வகுத்துப் பார்த்தார். அவருக்குக் கணக்கில் மரியாதை உண்டு.

"வகுபடறது" என்றார். பிறகு அத்தையைப் பார்த்து, "மாப்பிள்ளையோட நம்பர் என்ன?"

சொல்லுவதற்கு நான் வாயைத் திறந்தேன். அத்தையின் கை என் தோளில் விழுந்தது. விரல்கள் எலும்பு வரை அழுந்தின.

"ஞாபகம் இல்லை அண்ணா" என்றாள். "ஆனா மூணால வகுபடாது. அது நிச்சயம்."

"குழந்தைக்காவது ஞாபகம் இருக்கா?"

"ஒரு வருஷம் ஆச்சு. அவளுக்கு எப்படி இருக்கும்?"

எனக்கு ஞாபகமில்லையா! அவமானத்தில் முகம் சுட்டது. ஆனால் தோள்மேல் இருந்த கை எடுபடவில்லை.

பெரியப்பா அப்பாவின் பக்கம் திரும்பினார். "நீ மனு எழுதினியே. நகல் இருக்குமே?"

அப்பா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "காகிதம் கிடைக்கலை அண்ணா. நகல் எடுக்கலை."

இதுவும் பொய். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வீட்டுக்காரருக்கு எழுதின நாலு வரிக்குக்கூட கார்பன் வைத்து நகல் எடுப்பவர் அவர். அலமாரியின் மேல்தட்டில் எல்லாம் கட்டுக்கட்டாக இருந்தன. இரண்டு பெரியவர்கள் அடுத்தடுத்து, அதுவும் ஒரு எண்ணைப் பற்றி, என் கண்ணெதிரே பொய் சொன்னார்கள். அம்மா அத்தையின் பின்னலை விடவில்லை.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், திரும்பவும் கழற்றினார்.

"அந்தப் பேர்ல பட்டாளத்துல பத்துப் பேர் இருப்பா" என்றார் கடைசியில். "வேற யாருக்கோ வந்ததை வாங்கிண்டு உயிரோட இருக்கறவனுக்குக் காரியம் பண்ணினா, அதைவிடப் பாவம் உண்டா? எழுதிக் கேளு. பதில் வரட்டும். அதுவரைக்கும் ஒண்ணும் வேண்டாம்."

அப்பா எழுதினார். தாங்கள் குறிப்பிட்ட எண் மூன்றால் வகுபடுகிறது என்று ராணுவத்துக்கு எழுதினாரா, எண் பொருந்தவில்லை என்று மட்டும் எழுதினாரா, எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது அத்தையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் பொய் சொன்னே? உனக்கு நம்பர் தெரியும். எனக்கும் தெரியும். இரண்டு, இரண்டு, நாலு..."

என் வாயைப் பொத்தினாள். "சொல்லாதே. யார்கிட்டயும் சொல்லாதே. வகுபடாதுங்கறது போறும்."

யுத்த ரகசியங்களை வெளியில் பேசக்கூடாது என்று ஸ்டேஷன்களில் விளம்பரம் ஒட்டியிருந்த காலம். நான் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். அத்திம்பேர் எங்கோ தப்பி ஒளிந்திருக்கிறார். நம்பர் வெளியே தெரிந்தால் ஜப்பான்காரர்கள் பிடித்துவிடுவார்கள். வகுபடாது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது, வகுபடாத எண்கள் கணக்கில்லாமல் கிடக்கின்றன. அத்தையின் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் உயிர்ச் சிநேகிதியிடம்கூட மூச்சு விடாமல் இருந்தேன்.

பதில் வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. அதற்குள் அத்தை மாறிப்போனாள். கடிதம் வந்த அடுத்த மாதமே மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் டைப்பிங் கிளாஸில் சேர்ந்தாள். அவளைச் சேர்த்துவிடச் சொல்லி அப்பாவிடம் பேசியது அம்மா. பிறகு தாதரில் ரேஷன் ஆபீஸில் அவளுக்கு வேலை கிடைத்தது. கல்யாணமான பெண்ணை வேலைக்கு அனுப்புகிறாயா என்று பெரியப்பா குறைப்பட்டுக்கொண்டதற்கு, "அவன் வர்ற வரைக்கும்தானே அண்ணா" என்று அப்பா சொன்னார். அத்தை காலையில் குளித்து, தலை பின்னி, குங்குமம் இட்டுக்கொண்டு, டிபன் டப்பாவோடு எட்டரை மணிக்குக் கிளம்பிவிடுவாள். சாயங்காலம் களைத்து வருவாள். விளையாட்டுப் பேச்சு நின்றுபோயிற்று. ஒரு நாள் ஏழு இலக்க எண் ஒன்றைப் பிடித்துவந்து, வா, போட்டுப் பார்க்கலாம் என்று கூப்பிட்டேன். "எனக்கு வேண்டாம்டி, நீயே போடு" என்றாள். உத்தியோகம் வந்ததும் கர்வமும் வந்துவிட்டது என்று எனக்குக் கோபம்.

யுத்தம் முடிந்தது. ஆட்கள் திரும்பி வந்தார்கள். மாதுங்கா ஸ்டேஷனில் கறுத்து மெலிந்த சிப்பாய்களைப் பார்க்கும்போதெல்லாம் அத்திம்பேரின் முகத்தை நினைவுபடுத்திப் பார்ப்பேன். அத்தை யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் நடப்பாள்.

பதிலும் ஒரு சனிக்கிழமைதான் வந்தது. பெரியப்பா வந்து படித்தார். முந்தைய கடிதத்தில் எண் பிழையாகத் தட்டச்சாகிவிட்டது, வருந்துகிறோம், சரியான எண் 224737. கூடவே தகப்பனார் பெயர், ஊர், படைப்பிரிவு, உடனிருந்த இருவரின் சாட்சியம். சந்தேகத்துக்கு எங்கேயும் இடமில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது முடிந்திருந்தது. சாவு என்றால் என்ன என்று தெரியாத வயதில்லை. ஆனாலும் அந்த நம்பரை வாய்விட்டுக் கேட்டதும் என் வாய் முந்திக்கொண்டது. "நான்தான் அப்பவே சொன்னேனே, வகுபடாதுன்னு! கூட்டிப் பாருங்கோ பெரியப்பா, இருபத்தஞ்சு வரும்."

அம்மா என்னை அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறையவில்லை. பெரியப்பா பழைய கடிதத்தைக் கேட்டு வாங்கி, இரண்டையும் தொடைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒன்றில் எட்டின் கீழே விரலை வைத்தார். மற்றதில் மூன்றின் கீழே வைத்தார். விரல் அங்கேயே வெகுநேரம் நின்றது. பிறகு தலை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார், அப்புறம் அத்தையை. இரண்டு பேரும் அவரை நேராகப் பார்த்தார்கள்.

"அவ பதினஞ்சு நாள் லீவு போடுவா அண்ணா" என்றார் அப்பா. "அப்புறம் அவ ஆபீஸ் போகணும்."

பெரியப்பா காகிதங்களை மடித்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். காரியமெல்லாம் இங்கேயே நடக்கட்டும், தானே முன்னின்று செய்வதாகச் சொன்னார். ஊருக்குக் கொண்டுபோவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தலைமுடியைப் பற்றியும் பேசவில்லை. போகும்போது என் தலையில் கை வைத்து, "ஆமாம், இருபத்தஞ்சுதான்" என்றார். என் கணக்கைச் சரிபார்க்கத்தான் அவர் இரண்டு கடிதங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தார் என்று நினைத்தேன்.

முதல் கடிதம் வந்த அன்றைக்கு அத்தை நம்பரைச் சொல்லியிருந்தால், முப்பத்தேழுக்கு எண்பத்தேழு என்று யாரோ ஒரு குமாஸ்தா டைப் அடித்ததில் மூன்று எட்டாகிவிட்டது என்பதைப் பெரியப்பா அந்த நிமிஷமே சொல்லியிருப்பார். வாரம் ஒரு கடிதத்தில் அந்த நம்பரை எழுதிய அத்தைக்கும், மனுவை எழுதிய அப்பாவுக்கும் அது தெரியாமல் இருக்குமா? உறை பிரிந்த அன்றே இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை. இதெல்லாம் எனக்குப் புரிய இன்னும் பல வருஷங்கள் ஆயின.

பெரியப்பா படியிறங்கிப் போன பிறகு அத்தை உள் அறைக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. அக்கம்பக்கத்துக்காரர்கள் வந்து வாசலில் நின்றார்கள். அம்மா தேற்றப் போகாமல், அழட்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தாள். விளக்கேற்றும் நேரம் ஆகியும் அழுகை ஓயவில்லை. செய்தி இன்றைக்குத்தான் வந்தது, அதனால் இன்றைக்கு அழுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.